கரண்ட் பிரச்சினைக்கு யாரைக் கூப்பிடுவது? வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மழைக்காலத்தில் எங்கள் வாடகை வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) நினைத்த நேரத்துக்கெல்லாம் டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. முதலில் வந்த எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபியையே மாற்றச் சொன்னார். மாற்றினோம், பணம் போனது, டிரிப் நிற்கவில்லை. ஈபிக்குச் சொன்னால் "எங்க லைன் சரியாத்தான் சார் இருக்கு" என்றார்கள். வாஷிங் மெஷின் மெக்கானிக் வந்து பின்பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார். கடைசியாக வந்த இன்னொரு எலக்ட்ரீஷியன் பால்கனியில் இருந்த பல்ப் ஹோல்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே தேங்கியிருந்த மழைத்தண்ணீர் கொட்டியது. அவ்வளவுதான் கோளாறு.

சரிசெய்ய ஆன நேரத்தைவிட, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஓடிய நாட்கள்தான் அதிகம். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரைக்கும் ஈபியின் பொறுப்பு, அதற்கு லைன்மேன் வருவார். மீட்டருக்கு அப்புறம் சாக்கெட் வரைக்கும் உங்கள் வீட்டு வயரிங், அதற்கு எலக்ட்ரீஷியன். சாக்கெட்டில் மாட்டியிருக்கும் பொருளில் கோளாறு என்றால் அந்தப் பொருளின் மெக்கானிக். கீழே இருக்கும் படிகள் எல்லாம் இந்த மூவரில் யார் என்று கண்டுபிடிக்கத்தான். தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. குடி வந்த வாரமே செய்ய வேண்டியவை

முதல் வேலை, மின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்வது. பழைய ஈபி அட்டையிலோ பில் கட்டிய ரசீதிலோ இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டால் அவருக்கு வந்த ஈபி பில் குறுஞ்செய்தியை அனுப்பிவிடுவார். இந்த எண் இல்லாமல் ஈபியில் புகார் கொடுப்பது பெரும்பாடு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிபி பாக்ஸ் (வீட்டு லைன்களின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு போனில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அடுக்குமாடி என்றால் கீழே வரிசையாக இருக்கும் மீட்டர்களில் உங்களுடையது எது என்றும் பார்த்து வையுங்கள். மீட்டரில் இருக்கும் எண்ணையும் போர்டில் எழுதியிருக்கும் வீட்டு எண்ணையும் ஒப்பிடுங்கள், பெயிண்ட் அடித்தவர் மாற்றி எழுதியிருப்பதும் உண்டு.

அடுத்து டிபி பாக்ஸ். ஒவ்வொரு எம்சிபியையும் (கரண்ட் அளவுக்கு மேல் போனால் விழும் சுவிட்ச்) கீழே தள்ளி, எந்த அறை அணைகிறது என்று பார்த்துப் பக்கத்தில் எழுதுங்கள். 'ஹால் லைட்', 'கிச்சன் பவர்', 'கீசர்' என்று எழுதினால் போதும். அரை மணி நேர வேலைதான். அந்தப் பெட்டியிலேயே 'டி' என்று எழுதிய சின்ன பொத்தானோடு, எம்சிபியைவிட அகலமாக ஒன்று இருந்தால் அதுதான் ஆர்சிசிபி. அந்தப் பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சும்மா பெயருக்கு இருக்கிறது, மாற்றியாக வேண்டும். மாதம் ஒரு தடவை இப்படி அழுத்திப் பார்ப்பது நல்லது.

ஆர்சிசிபியே இல்லாத பழைய வீடுகள் நிறைய. எம்சிபி வயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்சிபி விழ 16 ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். மனிதர் உயிருக்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. வீட்டுக்குப் போடும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். வாடகை பேசும்போதே இதைப் போட்டுத்தரச் சொல்லிக் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்த அப்புறம் கேட்டால் 'பாக்கலாம்' என்பார்கள்.

சுவிட்ச் போர்டுகளில் கருகிய இடம், ஆடும் சாக்கெட், மூடியில்லாத ஜங்ஷன் பாக்ஸ் ஏதாவது இருந்தால் தேதியோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காலி செய்யும்போது 'நீங்கதான் கருக்கினீங்க' என்ற பேச்சு வராது.

2. கரண்ட் போனால்: ஈபியா, நம் வீடா

பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் ஈபி. அதற்கு முன்னால் அன்று பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். துணைமின் நிலையப் பராமரிப்பு நாட்களில் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பிற்பகல்வரை வராது. முந்தைய நாளே செய்தித்தாளில் பகுதி வாரியாகப் போட்டிருப்பார்கள்.

பக்கத்து வீட்டில் எரிகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் உங்கள் மீட்டரைப் பாருங்கள். திரையில் எண்கள் ஓடுகின்றனவா? ஓடினால் மீட்டர் வரை கரண்ட் வருகிறது, கோளாறு அதற்கு இந்தப் பக்கம். டிபியில் எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். திரையும் இருண்டிருந்தால் பெரும்பாலும் கம்பத்தில் ஃபியூஸ் போயிருக்கும், அல்லது கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயரில் பிரச்சினை. லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும்.

ஈபியின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இரவும் பகலும் எடுப்பார்கள். 1912க்கும் அழைக்கலாம். இணைப்பு எண்ணைச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்யும் சாயங்காலம் என்றால் எல்லோரும் அழைப்பார்கள், அதனால் 'தானா வந்துடும்' என்று காத்திருக்காமல் முதலிலேயே பதிவு செய்யுங்கள். பகலில் உங்கள் பகுதியின் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொன்னால் இன்னும் வேகமாக நடக்கும் என்பது என் அனுபவம். லைன்மேன் வந்தால் மீட்டர்வரைதான் பார்ப்பார். உள்ளே ஃபேன் ஓடவில்லை என்று அவரைக் கெஞ்சுவதில் பயனில்லை, அது அவர் வேலையும் இல்லை.

இங்கே இரண்டு நிலைமைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எதுவுமே வேலை செய்யவில்லை, ஆனால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது என்றால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், கட். கரண்ட் இல்லை என்று நினைத்து வயரில் கை வைத்துவிடாதீர்கள், கரண்ட் கொண்டுவரும் பேஸ் வயர் உயிரோடுதான் இருக்கிறது.

அடுத்தது இன்னும் மோசம். த்ரீ பேஸ் வீட்டில் (மூன்று பேஸ் வயர் வரும் வீடு) ஒரு அறையில் பல்ப் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிகிறது, இன்னொரு அறையில் மங்கலாக இருக்கிறது, ஃபேன் அசுர வேகத்தில் சுற்றுகிறது என்றால் பொது நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்வரை ஏறலாம். எதையும் ஆராயாமல் மெயினை அணையுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் டிவி, ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி எல்லாம் வரிசையாகப் போய்விடும். அப்புறம் ஈபிக்குச் சொல்லுங்கள், அடுக்குமாடி என்றால் மற்ற வீட்டுக் கதவுகளையும் தட்டுங்கள்.

3. எம்சிபி மட்டும் விழுந்தால்

இது சுலபம். ஒரே நேரத்தில் நிறையப் பொருட்களைப் போட்டிருப்பீர்கள், அல்லது எங்கேயோ ஷார்ட். அந்த லைனில் இருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு எம்சிபியை ஏற்றுங்கள். விழாமல் நின்றால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். குறிப்பிட்ட பொருளை மாட்டியதும் விழுந்தால் மெக்கானிக்கிடம் எடுத்துப்போங்கள். எதையும் மாட்டாமலே உடனே விழுந்தால் வயரிங்கில் ஷார்ட், எலக்ட்ரீஷியன் வர வேண்டும். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்கக் கூடாது.

கணக்கு ஒன்று தெரிந்திருந்தால் போதும். வாட்டை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். இவற்றை 6 ஆம்பியர் சின்ன சாக்கெட்டில் கன்வெர்ட்டர் பிளக் போட்டு ஓட்டினால் சாக்கெட் உருகும். வாடகை வீடுகளில் நான் பார்த்த கருகல்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

ஒரு பொறி: எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று சொன்னால் சிலர் 16க்குப் பதில் 32 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். விழுவது நிற்கும், சுவருக்குள் வயர் கொதிக்கும். எம்சிபி அளவு வயரின் கனத்தைப் பொறுத்தது, உங்கள் தேவையைப் பொறுத்தது அல்ல. பழைய பீங்கான் ஃபியூஸில் கனமான செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும் இதே கதைதான்.

4. ஆர்சிசிபி விழுந்தால்

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆர்சிசிபி என்ன செய்கிறது? பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. எங்கேயோ கொஞ்சம் வேறு வழியில், அதாவது எர்த்திலோ (கசிவைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர்) ஈரச் சுவரிலோ ஆள் உடம்பிலோ கசிந்தால் துண்டிக்கிறது. அதனால் அது விழுவதே கசிவு இருக்கிறது என்ற எச்சரிக்கை. 'தொல்லையா இருக்கு, பைபாஸ் பண்ணிடலாமா சார்' என்று கேட்கும் எலக்ட்ரீஷியனை அத்தோடு அனுப்பிவிடுங்கள்.

கண்டுபிடிக்கும் முறை இது. எல்லா எம்சிபிகளையும் கீழே தள்ளுங்கள். வீட்டில் மாட்டியிருக்கும் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரல் தொடர்பிலேயே இருக்கும். அந்தப் பொருளுக்குள் நியூட்ரல் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஆர்சிசிபி விழும். கீசர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஆர்ஓ, ஏசி என்று எதையும் விடாதீர்கள். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பிளக்கையும்தான்.

இப்போது ஆர்சிசிபியை ஏற்றுங்கள். விழாமல் நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக, இடையில் ஒரு நிமிடம் விட்டு, ஏற்றுங்கள். அதுவும் நின்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாக மாட்டி ஓட விடுங்கள். கீசரையும் வாஷிங் மெஷினையும் கடைசியில் வையுங்கள், கோளாறில் அதிகம் சிக்குவது அவைதான். கீசர் எலிமென்ட் ஓட்டையானால் தண்ணீருக்குள் கசியும், போட்ட உடனே விழும் அல்லது சூடாக ஆரம்பித்ததும் விழும். எந்தப் பொருளில் விழுகிறதோ அதைத் தனியே வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

பிளக் எதுவும் மாட்டாமல், ஒரு குறிப்பிட்ட எம்சிபியை ஏற்றியதும் விழுந்தால் அந்த லைனின் வயரிங்கிலோ விளக்கிலோ கசிவு. அந்த ஒன்றை மட்டும் கீழே வைத்துவிட்டு மற்ற அறைகளில் வாழ்க்கையை ஓட்டலாம், எலக்ட்ரீஷியன் வரும்வரை.

எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே விழுகிறது, அல்லது எந்த அறையில் எதைப் போட்டாலும் விழுகிறது என்றால்தான் பலர் 'ஆர்சிசிபி போயிடுச்சு' என்று முடிவு கட்டுகிறார்கள். போயிருக்கலாம். ஆனால் நியூட்ரலும் எர்த்தும் எங்கேயோ தொட்டுக்கொண்டிருந்தாலும் இதேதான் நடக்கும். எம்சிபி நியூட்ரலை வெட்டாததால் லைன் லைனாக அணைத்துப் பார்த்தாலும் கோளாறு சிக்காது. எங்கள் பால்கனி ஹோல்டர் அப்படித்தான் ஆட்டம் காட்டியது. இதற்கு எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு டிபியில் நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி, எர்த்தோடு சேர்த்து மெகரில் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) சோதித்துப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கடைசியாக வந்தவர் அதைத்தான் செய்தார். எந்த நியூட்ரல் என்று தெரிந்ததும் நேராகப் பால்கனிக்குப் போனார். போனில் பேசும்போதே 'மெகர் இருக்கா?' என்று கேளுங்கள். இருக்கிறது என்பவரை வரச் சொல்லுங்கள். இல்லாதவர் யூகத்தில்தான் வேலை பார்ப்பார், யூகத்துக்கும் கூலி நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

மழை பெய்தால் மட்டும் விழுகிறதா? மாடி விளக்கு, பால்கனி, கேட் விளக்கு, காலிங் பெல், மோட்டார் ஆகியவற்றில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கரண்ட் போய்த் திரும்பும்போது மட்டும் விழுகிறதா? இன்வெர்ட்டர் நியூட்ரல் எங்கே கொடுத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

5. நீங்களே செய்துகொள்ளலாம்

பல்ப் மாற்றலாம். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் ஃபேன் சோம்பலாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவு, பெரும்பாலான சீலிங் ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட், ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஏணியும் தைரியமும் இருந்தால், மெயினை அணைத்துவிட்டு மாற்றலாம். இல்லையென்றால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் இருந்தால் பாதி வீட்டுக்கு அது கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதை மறந்து ஃபேனில் கை வைத்தவர்கள் நிறையப் பேர். இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டுத் தொடுங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை அதற்கு முன்னால் கரண்ட் இருக்கும் ஒரு சாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியவை

சுவிட்ச் போர்டிலிருந்து மீன் நாற்றமோ பிளாஸ்டிக் கருகும் வாடையோ வருவது. தொட்டால் சுடும் சாக்கெட். சுவிட்ச் போடும்போது சடசடவென்ற சத்தம். சுவரில் ஷாக், குழாயில் ஷாக். இவற்றில் எது வந்தாலும் அந்த லைனின் எம்சிபியை அணைத்துவிட்டு அன்றே ஆளைக் கூப்பிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அணைத்த எல்ஈடி பல்ப் லேசாக மினுங்கினால் அவ்வளவு அவசரமில்லை. ஆனால் சுவிட்ச் பேஸுக்குப் பதில் நியூட்ரலில் போட்டிருக்கிறதா என்று அடுத்த தடவை ஆள் வரும்போது பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்தும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளுங்கள், 108க்கு அழையுங்கள். போர்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீயணைப்புக்கு 101.

7. எர்த்: கேட்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்

'கிரைண்டர் போடும்போது செருப்பு போட்டுக்கோ' என்று சொல்லும் வீடுகளில் எர்த் இல்லை என்று அர்த்தம். அதைப் பழக்கமாக ஏற்றுக்கொண்டு வருஷக்கணக்கில் மாவாட்டுகிறார்கள். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். 230க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஒரு பல்பைக் கொடுத்து நன்றாக எரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லலாம், ஆர்சிசிபி இருந்தால் அந்தச் சோதனையில் அது விழும், விழுவதுதான் சரி.

இங்கேயும் ஒரு பொறி. சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால் இணைத்துவிட்டு 'எர்த் குடுத்துட்டேன்' என்பவர்கள் இருக்கிறார்கள். மீட்டரில் 230 காட்டும். என்றைக்காவது நியூட்ரல் விட்டுப்போனால் ஃபிரிட்ஜ் கதவு முழுக்கக் கரண்ட். சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

8. ஆளைப் பிடிப்பது, கூலி, நேரம்

தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் வயர்மேன் தகுதிச் சான்று வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பல்ப் மாற்ற இதெல்லாம் தேவையில்லை. டிபி, மெயின், எர்த் வேலை என்றால் கேட்பதில் தப்பில்லை.

எங்கள் பக்கம் வந்து பார்க்க 200 முதல் 400 ரூபாய். எம்சிபி ஒன்று 150 முதல் 300. சிங்கிள் பேஸ் ஆர்சிசிபி 1,500 முதல் 2,500. 16 ஆம்பியர் சுவிட்சும் சாக்கெட்டும் சேர்த்து 200 முதல் 350. ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொருளை நீங்களே எலக்ட்ரிகல் கடையில் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள். பில் இருந்தால்தான் வாரண்டியும் கிடைக்கும், வீட்டுக்காரரிடம் பணமும் கேட்க முடியும். கழற்றிய பழைய பொருளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைட் வேலை பார்ப்பவர்கள் காலை 9 மணிக்கு முன்னால் அல்லது சாயங்காலம் 6க்கு அப்புறம்தான் வீட்டுக்கு வருவார்கள். கசிவு தேடும் வேலைக்குக் காலையில் வரச் சொல்லுங்கள், ராத்திரியில் மெயினை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் தேட முடியாது. ஆயுத பூஜை, பொங்கல் வாரங்களில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

9. வீட்டுக்காரர் கையெழுத்து தேவைப்படும் வேலைகள்

உங்கள் பொருளில் கோளாறு என்றால் செலவு உங்களுடையது. சுவருக்குள் இருக்கும் வயர், டிபி, எர்த் எல்லாம் வீட்டுக்காரருடையது. வேலை தொடங்கும் முன்பே போட்டோவும் தோராயத் தொகையும் அனுப்பி 'சரி' என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். செய்த அப்புறம் கேட்டால் வாடகையில் கழிக்க மாட்டார்கள்.

புதிதாக ஏசி போடுவதென்றால் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். கூட்ட வேண்டுமானால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மின் பகிர்மானக் கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் இல்லாமல் அவருடைய அப்பா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால் முதலில் பெயர் மாற்றம், அப்புறம்தான் மற்றது. ஏசி வாங்கும் முன்பே இதை விசாரியுங்கள்.

மீட்டர் கருகினாலோ திரை போனாலோ சீலைத் தொடாதீர்கள். சீல் உடைந்திருந்தால் பழி உங்கள் மேல் வரும். கடைசி ரீடிங் தெரிந்தால் போட்டோ எடுத்துவிட்டுப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மீட்டர் ஓடாத நாட்களுக்கு முந்தைய உபயோகத்தின் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவார்கள், அதனால் பழைய ரசீதுகளையும் தேதியுள்ள நகலையும் பத்திரமாக வையுங்கள். பிரிவு அலுவலகத்தில் அசையவில்லை என்றால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்பதும் அந்த நகலைத்தான்.